கோடு வராத நாட்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் கும்பகோணத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கட்டடக்கலைஞராக இருப்பவர்.)

கேள்வி: மேடம், வணக்கம். எனக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். பி.ஆர்க். ஐந்தாம் வருடம் படிக்கிறேன், பத்தாவது செமஸ்டர், தீசிஸ் நடக்கிறது. அப்பா விவசாயி, ஒன்பது மா நிலம். அதனால் நெல் கொள்முதல் நிலையமும் கிடங்கும் என்று தலைப்பு எடுத்தேன். கேஸ் ஸ்டடி, சைட் அனாலிசிஸ் எல்லாம் நன்றாகப் போனது. டிசைன் என்று உட்கார்ந்ததும் மூன்று வாரமாகக் கை ஓடவில்லை. நெற்கதிர் வளைந்து நிற்கிற மாதிரி ஒரு கூரை போட்டேன். கைடு பார்த்துவிட்டு, "கதிரை அப்படியே தூக்கிக் கூரையா வச்சிருக்க, இதுல கான்செப்ட் எங்க?" என்று கேட்டார். அதன்பிறகு பின்ட்ரெஸ்டில் நானூறு படம் சேர்த்திருப்பேன், ஒரு கோடு வரவில்லை. கூடப் படிப்பவர்கள் த்ரீ-டி முடித்து ரெண்டர் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கற்பனையே கிடையாதோ, தப்பான படிப்புக்கு வந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த ரிவ்யூவுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.
— பெயர் வேண்டாம், பாபநாசம்

பதில்: என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் கூரை இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, கைடு இருக்கிறார், கூடப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நெல்லைத்தான் காணோம். நெல்லை எங்கே கொட்டுகிறார்கள், யார் தூக்குகிறார்கள், மழை இருட்டிக்கொண்டு வந்தால் உங்கப்பா எந்தப் பக்கம் ஓடுகிறார், ஒன்றும் எழுதவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியது என்பதால் அதெல்லாம் பாடத்தில் சேரும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கற்பனை இல்லை என்று நீ சொல்வதை நான் நம்ப மாட்டேன். உன்னிடம் இன்னும் ஒரு அளவு இல்லை. அளவு கிடைக்காதவரை கை நிற்கத்தான் செய்யும். எனக்கும் நின்றிருக்கிறது.

1990-இல் சென்னையில் என் தீசிஸ். திருபுவனத்துப் பட்டு நெசவாளர்களுக்கு ஒரு குடியிருப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் போல வீடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வரைந்தேன். தாளில் சேலை மாதிரி அழகாகத்தான் இருந்தது. அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவருக்கு அந்தப் பின்னல் ஒருநாளும் கண்ணில் படாது என்று ஒரு ஆசிரியர் சொன்னார். சரியான வார்த்தை. ஆனால் அதைக் கேட்டதோடு நான் நின்றுபோனேன். ஒரு மாதம். ஹாஸ்டலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெறும் பட்டர் ஷீட்டை, அதாவது படத்தின் மேல் வைத்து வரைகிற மெல்லிய தாளைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்த ராத்திரிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

மார்கழியில் ஊருக்கு வந்தபோது, காலை ஆறு மணிக்கு முன்னாலேயே திருபுவனம் போனேன். தெரு நெடுகப் பாவு விரித்திருந்தார்கள். பனியில் அந்த இழைகள் மினுங்கிக்கொண்டிருந்தன. நான் குறுக்கே போகப் பார்த்ததும் ஒரு பெரியவர், "ஓரமா போம்மா, நிழல் பட்டா பரவால்ல, கால் படக்கூடாது" என்றார். ஓரமாகவே நடந்தேன். கையில் டேப் இல்லை, காலடியால் எண்ணினேன். இருபத்தாறு. வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும் என்றும், தெருவில் நட்ட நடுவே ஒரு விளக்குக்கம்பம் வந்ததால் அடுத்த தெருக்காரர்களுக்குப் பாவு விரிக்க இடமில்லாமல் போனதென்றும் அவர் சொன்னார். பஸ் டிக்கெட்டின் பின்னால் 26 என்று எழுதிக்கொண்டேன்.

அன்று ராத்திரி வரைந்ததுதான் முதல் கோடு. ஒரு தெரு. இருபத்தாறு காலடிக்கு எதுவும் குறுக்கிடாத, காலையில் நிழல் விழுகிற தெரு. அது வந்தபிறகு வீடுகள் அதன் இரண்டு பக்கமும் தானாக வந்து உட்கார்ந்தன. மறுநாள் போய்த் தறிக்குழியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். இரண்டரை அடி. நாம் வழக்கமாக வைக்கிற மூன்றடி ஜன்னல் கட்டை அவர் கண்ணுக்கும் மேலே போய்விடுகிறது. ஜன்னல் கீழே இறங்கியது. ஜன்னல் இறங்கியதும் வெளித் திண்ணையின் உயரம் மாறியது. ஒரு மாதம் நகராத வேலை ஒன்பது நாளில் ஓடியது. எனக்கு அப்போது புதிதாக ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை, இரண்டு எண்கள் கிடைத்திருந்தன.

இது நெசவுக்கும் நெல்லுக்கும் மட்டும் பொருந்துகிற விஷயமில்லை. அகமதாபாத் சாபர்மதி ஆசிரமத்தில் சார்லஸ் கொரியா செய்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தை நீ பாடத்தில் படித்திருப்பாய். 1963-இல் திறந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் சதுரம் ஒன்று. செங்கல் தூண், ஓட்டுக் கூரை. அந்தச் சதுரத்தையே திரும்பத் திரும்ப வைத்து, சிலதைச் சுவரால் மூடி, சிலதைத் திறந்து விட்டு, நடுவில் ஒரு தண்ணீர் முற்றம். ஒரு அளவை முடிவு செய்தார், கட்டடம் முழுக்க அதன் பின்னால் வந்தது. மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள், ஆறு மீட்டரைப் பார்ப்பதில்லை. எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, உன் நெல்லுக்கு வருவோம். நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். ஏக்கருக்கு இரண்டு டன் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆறு டன். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக (மூட்டையாக)ப் பிடித்தால் 150 சிப்பம். ஒரு கன மீட்டருக்கு நெல் ஏறக்குறைய 575 கிலோ நிற்கும், ஆக உங்கப்பாவின் நெல் மொத்தம் பத்தரை கன மீட்டர். அதை ஒரே அம்பாரமாகக் குவித்தால் நெல் தானே ஒரு சரிவில் வந்து நிற்கும், ஏறத்தாழ 35 டிகிரி. அப்படிப் பார்த்தால் அம்பாரம் பதினாறடி அகலம், ஐந்தரை அடி உயரம். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் உங்கப்பா உயரத்துக்கு, அவர் பக்கத்தில் நிற்கிறது. இந்தக் கணக்கு முடிந்ததும் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இனி அதைக் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள், விசேஷமாகத் தளர்த்தினால் தவிர. இரண்டு அங்குல கனத்தில் பரப்பினால் 2,200 சதுர அடி வேண்டும். நம் பக்கத்தில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து விவசாயிகள் ஒரே நேரத்தில் காத்திருந்தால் அரை ஏக்கர் களம். அரை ஏக்கருக்குக் கூரை போட முடியாது, போடவும் கூடாது, வெயில் வேண்டுமே. ஆனால் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். காற்றில் மழை வாசனை வந்ததிலிருந்து முதல் துளி விழுவதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? அந்த நேரத்துக்குள் பலகையால் தள்ளியும் கூடையில் வாரியும் நெல்லை எத்தனை அடி தூரம் கொண்டுபோக முடியும்? களத்தின் கடைசி மூலைக்கும் கூரையின் விளிம்புக்கும் நடுவே அந்தத் தூரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

கான்செப்ட் எங்கே என்று கைடு கேட்டாரே, என் பார்வையில் அந்தத் தூரத்தில் இருக்கிறது. களம் நீளமாக இருக்க வேண்டுமா, கூரை நடுவில் ஓட வேண்டுமா, சுற்றிலும் தாழ்வாரமாக இறங்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு எண் தெரிந்தபிறகு வருகிற பேச்சு.

ஆனால் இது என் மேஜையில் போட்ட கணக்கு. நீ உன் கணக்கை எடுக்க வேண்டும். சம்பா அறுவடை முடிகிற நேரம் இது, நிலையங்கள் திறந்திருக்கும். பதினெட்டு நாளில் நாலு நாளைக் கொடு. லேப்டாப் வேண்டாம். டேப், ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க அங்கே இரு, அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொள். லாரியின் தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அள. அந்த உயரத்துக்கு ஒரு மேடை இருந்தால் சுமைதூக்குகிறவர் நாற்பது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏற வேண்டாம். தூற்றுகிற மெஷினிலிருந்து பதரும் தூசும் எந்தப் பக்கம் பறக்கிறது, யார் முகத்தில் போய் விழுகிறது என்று பார். நெல்லுக்குக் காவலாக ராத்திரி படுப்பவர்கள் எங்கே படுக்கிறார்கள், தார்ப்பாயை எதை வைத்து அழுத்துகிறார்கள் என்று பார். உங்கம்மா ஒரு ராத்திரி அங்கே இருக்க நேர்ந்தால் ஒதுங்க எங்கே போவார் என்று கேள். இதற்குப் பதில் இல்லாத நிலையங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், இதை எழுதும்போதும் மனசு கொதிக்கிறது. உன் பிளானில் அதற்கு முதலிலேயே இடம் ஒதுக்கு, மிச்சம் மீதி இருக்கும் மூலையில் தள்ளாதே.

திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்காதே. உங்கள் வீட்டு வாசலில் ஒரு முளை அடித்து, எட்டடிக் கயிறு கட்டி, கோலமாவால் ஒரு வட்டம் போடு. அதுதான் உங்கப்பாவின் அம்பாரத்தின் அடி. அதற்குள் போய் நில். வெளியே வந்து சுற்றி நட. இரண்டு பேர் கூடையோடு எதிரும் புதிருமாகப் போக எவ்வளவு வழி விட வேண்டும் என்று அங்கேயே தெரியும், புத்தகத்தைத் தேட வேண்டாம். அப்புறம் செக்ஷன் மட்டும் வரை, அதாவது கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற படம், 1:50-இல். அம்பாரம், பக்கத்தில் ஒரு ஆள், மேலே கூரையின் விளிம்பு, அதிலிருந்து மழைத்தண்ணீர் விழுகிற இடம். பிளான் வேண்டாம், எலிவேஷன் வேண்டாம். அது நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மூன்று வரைந்து, மூன்றையும் சுவரில் ஒட்டு.

உன் ஊரிலேயே இன்னொன்று இருக்கிறது. திருப்பாலைத்துறை கோயிலில் உள்ள செங்கல் நெற்களஞ்சியம், நாயக்கர் காலத்தது, வட்டமாக, மேலே குவிந்து முடியும். 3,000 கலம் கொள்ளும் என்பார்கள், கலம் என்பது நெல்லை அளக்கிற பழைய அளவு. சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பாய். இப்போது மாணவியாகப் போ. போட்டோ எடுக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டே சுற்றி வா: நெல்லை எந்த வழியாக உள்ளே கொட்டியிருப்பார்கள், எந்த வழியாக எடுத்திருப்பார்கள், மூலையே இல்லாமல் ஏன் வட்டமாகக் கட்டினார்கள், உள்ளே நெல் சுவரைத் தள்ளுகிற பாரத்தை அந்தச் செங்கல் எப்படித் தாங்குகிறது? நம் வீடுகளில் குதிர் வட்டம், வைக்கோல் பிரி சுற்றிக் கட்டும் 'சேர்' என்கிற நெற்கூடும் வட்டம். அதனால் நீயும் வட்டமாகக் கட்டு என்று சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் நெல்லின் சாயல் எங்கேயும் இல்லை, நெல்லின் பாரமும் வழியும் மட்டும்தான் இருக்கின்றன. உன் கதிர்க் கூரைக்கும் அதற்கும் உள்ள தூரம் அதுதான்.

அந்தக் கூரையை வரைந்ததற்காக வெட்கப்படாதே. நெல் இந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் போட்டது, ஆசை சரியானது. நானூறு படங்களை ரிவ்யூ வரை திறக்காதே. மூன்று செக்ஷனையும் எடுத்துக்கொண்டு கைடிடம் இப்போதே போ, ரிவ்யூ நாள் வரை காத்திருக்காதே. "சார், கான்செப்ட் வரவில்லை" என்று போனால் அவரும் பொதுவாக எதையாவது சொல்லத்தான் முடியும். "களத்திலிருந்து கூரைக்கு நாற்பதடி வைக்கலாமா, அறுபதடி வைக்கலாமா?" என்று கேட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ராத்திரி தூங்கு. அளவெடுக்கப் போகிறவளுக்குக் கண் தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டாம் வருடம் படிக்கிறேன் மேடம். ஒன்றும் தோன்றாத நாளில் ஏ.ஐ.யிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பத்துப் படம் தருகிறது. அதை வைத்து ஆரம்பிப்பது தப்பா?
— ஒரு மாணவர், நாகப்பட்டினம்

பதில்: தப்பில்லை தம்பி. ஆனால் அது முடிந்துபோன படமாகவே கைக்கு வருகிறது. உனக்கு அன்று வேண்டியது முடிவு இல்லை, ஆரம்பம். சுவருக்குக் கனம் எவ்வளவு, கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று அந்தப் படத்தைக் கேட்டால் பதில் வராது. நீ நாகப்பட்டினத்துக்காரன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தகரக் கூரைகள் எப்படிப் பிய்ந்து பறந்தன என்று உன் வீட்டில் சொல்வார்கள். உப்புக்காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படத்தை எடுத்தால் அன்றைக்கே அதன் மேல் பட்டர் ஷீட் போட்டு, கூரை சுவரோடு எந்த இடத்தில், எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்று கையால் வரை. வரைய முடிந்தால் வைத்துக்கொள், முடியாவிட்டால் விட்டுவிடு. பத்தில் ஒன்பது அங்கேயே விழுந்துவிடும்.

கேள்வி: அம்மா, நான் திருத்துறைப்பூண்டியில் கொத்தனார். இருபத்தைந்து வருசமாக இதே தொழில். மகன் ஆர்க்கிடெக்ட் படிப்பு மூன்றாம் வருசம். லீவுக்கு வந்தால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் "வரலப்பா" என்கிறான். சுவர் கட்டு என்றால் நான் கட்டுகிறேன். இதில் வராமல் போக என்ன இருக்கிறது? பீஸ் கட்டக் கடன் வாங்கியிருக்கிறேன். பையன் மனசு விட்டுவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அண்ணே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, பழைய கூட்டாளிகளோடு பேசுகிறானா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற மாதிரி பேச்சு வந்தால், அதைப் படிப்பு விஷயமாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவைக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதெல்லாம் சரியாக இருக்கிறது, பேப்பர் முன்னால் மட்டும்தான் நிற்கிறான் என்றால், இந்த நிலைமை உங்களுக்கே தெரிந்ததுதான். ஒரு சுவருக்கு முதல் வரி வைக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்? நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, குறுக்கு அளவு சரிபார்த்து, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு, சில நாள் அரைப்பொழுது அதிலேயே போகும். வீட்டுக்காரர் வந்து "இன்னும் ஒரு கல்லும் வைக்கலியே" என்பார். உங்களுக்குத் தெரியும், அந்த முதல் வரி பிசகினால் மேலே போகப்போக எல்லாம் பிசகும் என்று. உங்கள் மகன் இப்போது அந்த முதல் வரியில் இருக்கிறான். அவனுக்கு நூல் எங்கே கட்டுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கொடுக்க உங்களைவிட ஆள் கிடையாது. அடுத்த லீவில் இரண்டு நாள் உங்கள் வேலைக்குக் கூட்டிப்போங்கள், சித்தாளாக. நம் டெல்டா மண்ணில் கோடையில் வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது, கடைக்காலில் ஏன் மணல் நிரப்புகிறோம், மாடிப்படிக்கு உயரமும் அகலமும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று அவன் கையால் தொட்டுப் பார்க்கட்டும். நான் படித்து முடித்து வந்த முதல் வருடத்தில் ஒரு வயதான கொத்தனாரிடம்தான் படிக்கட்டைக் கற்றுக்கொண்டேன். அவர் வரையவில்லை, சுவரில் கரித்துண்டால் முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை முழு அளவுக்கே கோடு போட்டுக் காட்டினார். இன்றும் மாடிப்படி வரையும்போது அந்தக் கரிக்கோடு கண்ணுக்கு முன்னால் வரும்.

கடனைப் பற்றி அவனிடம் இப்போது பேச வேண்டாம், அவனுக்குத் தெரிந்துதான் இருக்கும். பேப்பர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். "முடிச்சிட்டியா?" என்று கேட்காதீர்கள். "எந்த எடத்துல நிக்குது, காட்டு" என்று கேளுங்கள்.